மலைத் தபாலாபீஸில் எடுத்த ஒரு பிடி சாமை

ஜவ்வாது மலையில் தபாலாபீஸும் மளிகைக் கடையும் ஒரே கட்டடத்தில் நடத்துகிறவர் என்று என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. "ஒண்டி ஆளு, எந்தப் பிடுங்கலும் இல்ல" என்று தரகர் திரும்பத் திரும்பச் சொன்னதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. 1983 தை மாதம், படவேட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டு நானே பார்க்கக் கிளம்பினேன்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் காலை பஸ், நான்கு ரூபாய். அங்கிருந்து ஜீப், இரண்டு ரூபாய். ஜீப்காரரிடம் சாமை வாங்கப் போவதாகச் சொன்னேன். "சாமைக்கா இம்மாந்தூரம் வர்றீங்க?" என்று சிரித்தார். நம்பவில்லை.

ஓட்டுக் கட்டடம். இடப்பக்கம் தபால் ஜன்னல், வலப்பக்கம் கடை, பின்னால் சாத்திய அறை. இரண்டு படி சாமை கேட்டேன். மாப்பிள்ளை அளந்தார், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து மூலைப் பானையில் போட்டார்.

"இது என்ன திருட்டு, தம்பி?"

பக்கத்தில் உப்பு வாங்கிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "ஊருக்குப் புதுசா நீங்க? அது ரன்னர் பிடிங்க."

அவள் சொன்ன கதை இது. பஸ் இல்லாத காலத்தில் ரன்னர் ஒருவர் தபால் பையைச் சுமந்து காட்டுவழியே ஏறி வருவாராம். அவர் தங்க ஊரார் கட்டியதுதான் அந்தப் பின்னறை. வீட்டுக்கு ஒரு பிடி சாமை கொடுத்தார்கள். மிஞ்சியதை விற்கப்போய்க் கடை வந்தது. பிறகு தபாலாபீஸும் அங்கேயே வந்தது.

"இப்பத்தான் தபால் ஜீப்புல வருதே, ரன்னர் எங்க?" நான் விடவில்லை. மாப்பிள்ளை பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பின்னறைக் கதவு திறந்தது. ஒரு கிழவர் கையை ஊன்றி நகர்ந்து வந்தார். "இங்கதாம்மா கீறேன். முட்டி போச்சு, இவன்தான் ஆக்கிப் போட்றான். மாப்ள பாக்க வந்தீங்களா? என்னைப் பத்தித் தரகன் மூச்சு வுட்டிருக்க மாட்டானே!"

"இவர வெளிய அனுப்ப மாட்டேங்க, அக்கா" என்றார் மாப்பிள்ளை. "அதுக்கு ஒத்துக்கினா மேல பேசலாம்."

நான் சாமையை எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினேன்.

போகிறவர்களுக்கு: மாலைக்குள் இறங்கிவிடுங்கள், பிறகு பஸ் நிச்சயமில்லை. தண்ணீரும் துணிப்பையும் எடுத்துப் போங்கள். கடையில் பிடி எடுத்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாமையை என் படியால் அளந்தேன். ஒரு பிடிதான் குறைந்தது, அதற்குமேல் இல்லை. தங்கையைக் கூப்பிட்டேன்.

"மூணு பேருக்கு ஆக்கிப் போடுவியாடி?"