ஒரு சிட்டிகைப் புழுதி

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சைக்கிள் சங்கத்துக்காரர்களோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகச் சவாரி போனார்கள். அவர்கள் சர்க்கார் கச்சேரி குமாஸ்தா, கம்பவுண்டர், வாத்தியார் என்று ஞாயிறு லீவு உள்ளவர்கள். என் தாய்மாமன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. அவருக்கு வந்த ஆசை இந்த இரண்டு கிழமைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கோலார் தங்கவயலுக்குப் போன என் அப்பா திரும்பி வரவில்லை. நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். முதலாளி ஓட்டிக் கழித்துப்போட்ட ஒரு சைக்கிள் மாமாவிடம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் கைப்பிடியில் நீல ரிப்பன் கட்டியிருப்பார்கள். அது காற்றில் படபடக்கும். மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் படபடப்புதான் என்று நினைக்கிறேன்.

குழியில் ஊறுகிற தோலுக்கு லீவு கிடையாது. வெள்ளிக்கிழமையானாலும் யாராவது இறங்கிப் புரட்டிவிட வேண்டும். மற்றவர்கள் முறை வைத்துச் செய்த அந்த வேலையை மாமா மொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார்.

“ஜும்மா தொழுதுட்டு ஊரே படுத்துத் தூங்குது. உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த பேஜாரு?” என்றார் முதலாளி.

“ஒரு ஆசை மொதலாளி.”

“செய். அப்பறம் முட்டி வலிக்குதுன்னு எங்கிட்ட வராதே.”

அன்று முதல் மாமாவுக்கு ஓய்வு நாளே இல்லாமல் போயிற்று. ஞாயிறு விடிவதற்குள் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, முன்கம்பியில் துணியைச் சுற்றி என்னை உட்கார வைத்துக் கிளம்புவார். “கொழந்தய வெயில்ல இழுத்துக்கினு போறியே” என்று அம்மா சொல்லுவாள். அவள் கவலைப்பட்டது என்னைப் பற்றியல்ல, அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பற்றி.

சங்கத்தின் செக்ரெட்டரி குமாஸ்தாதான். புறப்படுமுன் அவர் ஒரு காரியம் செய்வார். குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதி எடுத்து, தோள் உயரத்திலிருந்து விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் வரிசை. “மேஸ்திரி பின்னால வரட்டும். பின் காவல்” என்பார். காற்றைப் பார்த்து வண்டி விடுவது பெரிய வித்தை என்று நான் நம்பினேன். பின் காவல் என்ற சொல்லும் எனக்குப் பிடித்திருந்தது. தெருப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

ஆனி மாதத்தில் மேல்காற்று பலமாக எழுந்த ஒரு ஞாயிறு. கிழக்கே பள்ளிகொண்டா வரை சவாரி. மாமாவுக்கு ரிப்பன் தருவதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். செக்ரெட்டரி புழுதியை விட்டார். அது கிழக்கே பறந்தது.

“மேஸ்திரி, இன்னைக்கு நீங்க முன்னால போங்க.”

“நானா சார்?”

“நீங்கதான். நல்லா தள்ளியே போங்க.”

மாமா என் காதில் குனிந்து, “டேய், மணிய வுடாம அடி” என்றார். மாதனூர் தாண்டுகிற வரை அடித்தேன். காற்று முதுகில் தள்ளியது. எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரிப்பன் கிடைத்த மாதிரியே இருந்தது.

பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரைப் புளியமரத்தடியில் எல்லாரும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். மாமா வண்டியை நிறுத்தி இறங்கி முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். கம்பவுண்டர் கிழக்கே கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு மரத்தைக் காட்டி, “அந்தாண்ட ஒக்காருங்க மேஸ்திரி, நிழலு ஜாஸ்தி” என்றார். அது பாதி பட்டுப்போன வேப்பமரம். வெயில் எங்கள் சோற்றின் மேல் விழுந்தது.

சாப்பிட்டுக் கைகழுவி மாமா அவர்களிடம் போனார். நானும் போனேன்.

“சார், ரிப்பன் விஷயம்...”

“தரலாம் மேஸ்திரி. காத்து மாறட்டும்” என்றார் செக்ரெட்டரி.

“எந்தப் பக்கம் மாறினாலும் அவருக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கீங்களே சார்” என்றார் வாத்தியார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கம்பவுண்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். மாமா அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். திரும்பி வேப்பமரத்தடிக்கு வந்து, தம் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நானும் அந்தக் கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீடு, எங்கள் பாய், அம்மாவின் புடவை எல்லாம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அதற்கு ஒரு நாற்றம் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது, படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரியத் தொடங்கிய பிறகு, ஒரு ரயில் பெட்டியில் பக்கத்து ஆள் எழுந்து போன அன்றைக்குத்தான்.

வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம். இனி எதிர்க்காற்று. செக்ரெட்டரி குனிவதற்கு முன்பே மாமா ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விட்டார். அது பறப்பதைக் கடைசி வரை பார்த்தார். யாரும் எதுவும் சொல்லுமுன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். செக்ரெட்டரி தம் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“மாமா, உனக்கும் காத்துப் பாக்கத் தெரியுமா?”

“இன்னைக்குத்தான் கத்துக்கினேன்.”

முன்னால் போன சக்கரங்கள் கிளப்பிய மண்ணெல்லாம் எங்கள் மேல் விழுந்தது. அவர் மூச்சு என் பிடரியில் இரைந்துகொண்டே வந்தது. வழியெல்லாம் நான் மணி அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா குழிக்குப் போகவில்லை. ஊரோடு சேர்ந்து அவரும் படுத்துத் தூங்கினார். நான் இரண்டு மூன்று தரம் போய் எழுப்பிப் பார்த்தேன். செக்ரெட்டரிக்கு மட்டும் தெரிந்த வித்தையைக் கற்றுக்கொண்ட மனுஷன், இனிமேல்தானே முன்னால் போக வேண்டும், இப்படித் தூங்கினால் ஞாயிற்றுக்கிழமை லீவு எப்படிக் கிடைக்கும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.