பன்னிரண்டு மந்திரத்துக்கு ஒரு மைல்

லாரியின் அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஷெட் வாட்ச்மேன் குனிந்து, "மேஸ்திரி, ஆஸ்டின் டவுன் அந்தோணி காலையிலே தவறிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார். நான் உடனே வெளியே வரவில்லை. மீதியிருந்த நான்கு நட்டையும் முடுக்கிவிட்டுத்தான் வந்தேன். வேலையில் அக்கறை என்று அவர் நினைத்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம்.

ஷெட்டில் அவரோடு இருந்த உங்களுக்கெல்லாம் அந்தோணியைத் தெரியும். எதிரே மாட்டுவண்டி வந்தால் முதலில் லாரியை ஓரம் கட்டும் டிரைவர் அவர்தான். "மாடு மீட்டர் பாக்காது, நாமதான் பாக்கணும்" என்பார். ஆனாலும் வேகமாக ஓட்டி லைசென்ஸ் பறிகொடுத்தவர் என்ற பேர் அவருக்கு உண்டு. அந்தப் பேர் எப்படி வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உலகச் சண்டை முடிந்து மிலிட்டரி வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது முதலாளி ஒரு பெட்ரோல் லாரியை எடுத்தார். அதில் டீசல் என்ஜின் ஏற்ற வேண்டும் என்றார். நான் பள்ளிக்கூடம் போகாதவன்; எழுதப் படிக்கக்கூட நானாகக் கற்றதுதான். கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. சர்டிபிகேட் வைத்திருந்த இருவர் முடியாது என்று கைவிட்ட வேலையை நான் ஐந்து வாரத்தில் முடித்தேன். அதற்கு யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றும். அதற்கேற்பப் பின் ஆக்சிலை மாற்றி, பெரிய டயரும் போட்டேன். மீட்டர் எண்ணுவது கியர்பாக்ஸ் சுற்றை; அதே சுற்றில் இப்போது வண்டி கூடுதல் தூரம் போனதால், மைல் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. தூரம் அளந்து, கையில் வாட்ச் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பதினைந்து மைல் வேகத்துக்கு மீட்டர் பத்துதான் காட்டியது. ஐந்து குறைகிறது என்று முள்ளைப் பிடுங்கி ஐந்து தள்ளிக் குத்தினேன். மறுபடி ஓட்டினால் அச்சாகப் பதினைந்து. ஆனால் நிற்கிற வண்டியிலும் முள் ஐந்தில் நின்றது. அந்தோணி எட்டிப் பார்த்து, "மேஸ்திரி, வண்டி தூக்கத்துல நடக்குது போல" என்றார். ஷெட்டே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு வாரம் அந்த லாரியை ஓசூர் ரோட்டில் ஓட்டிவிட்டு அந்தோணி என்னிடம் வந்தார்.

"அண்ணே, மீட்டர் முப்பதுன்னுது. ஆனா வண்டி அதுக்கு மேல போகுது. பழைய லாரியில முப்பதுல போனா ஒரு மைல்கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல பன்னெண்டு பிரியதத்தம் சொல்லிடுவேன். இதுல பத்து முடியறதுக்குள்ள கல் வந்துடுது."

பிரியதத்தம் என்பது அவர்கள் மாதாவுக்குச் சொல்லும் மந்திரம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே போவது அவர் வழக்கம்.

"அப்ப மீட்டரைக் கழட்டிட்டு உங்க மாதா படத்தை ஒட்டிக்கோ. நான் எதுக்கு இங்கே?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒரு தடவை நீங்களே கூட வந்து பாருங்கண்ணே."

நான் போகவில்லை.

அடுத்த மாதம் பொம்மசந்திராவுக்கு அப்பால் போலீஸ் வாட்ச் வைத்துப் பிடித்தது. ஒரு மைலைத் தொண்ணூற்றாறு வினாடியில் கடந்திருந்தார். அது முப்பத்தேழரை மைல் வேகம். அந்த ரோட்டில் லாரிக்கு முப்பதுதான் அனுமதி. மீட்டர் முப்பதைத் தாண்டவே இல்லை என்று அந்தோணி சொன்னதால் இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கே வந்தார். லாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். முள் ஐந்தில் நின்றது. டயலில் பூஜ்யத்தின் பெயின்ட் எப்போதோ உதிர்ந்திருந்தது.

"ஏன் மேஸ்திரி, மீட்டர் சரி இதெயா?" சரியாக இருக்கிறதா என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார்.

"மிலிட்டரி மீட்டர் சார், அஞ்சுலேர்ந்துதான் ஆரம்பம். என் கையால சரி பண்ணது. ஒரு மைல்கூடப் பிசகாது."

"அப்போ டிரைவர்?"

"மிதிச்சிருப்பான்."

அந்தோணி என்னைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன் சார். மேஸ்திரிக்குத் தெரிஞ்சதை அவர் சொல்றார்" என்றார். முள்ளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் லைசென்ஸ் போயிற்று; லைசென்ஸ் புத்தகத்திலும் அதைச் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். அந்த ஆறு மாதமும் அதே லாரியில் மூட்டை தூக்கும் ஹமாலியாக வேலை செய்தார். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மீட்டர் சரி என்று எனக்கே காட்டிக்கொள்ள வேறொரு டிரைவரோடு ஓசூர் ரோட்டுக்குப் போனேன். பதினைந்தில் சரியாக இருந்தது. முள்ளை முப்பதில் நிறுத்தி ஓட்டச் சொல்லி வாட்சைப் பார்த்தேன். ஒரு மைலுக்கு அதே தொண்ணூற்றாறு வினாடி.

அப்போதுதான் புரிந்தது. மீட்டர் குறைத்துக் காட்டியது ஐந்து மைல் அல்ல, மூன்றில் ஒரு பங்கு. வேகம் ஏற ஏற அந்தக் குறையும் ஏறும். முள்ளைத் தள்ளி வைத்தால் ஒரே ஒரு வேகத்தில்தான் சரியாக இருக்கும். மாற்ற வேண்டியது மீட்டரைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தை. லேத்தில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன். முள்ளைப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தோணி முதுகில் மூட்டையோடு லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "முள்ளு எறங்கிடுச்சாண்ணே?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். இன்னும் நான்கு மாதம் மூட்டை தூக்க வேண்டியிருந்தது அவருக்கு. இன்ஸ்பெக்டர் ஆபீஸ் ஷெட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். நான் போகவில்லை. படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். லைசென்ஸ் திரும்பி வந்த பிறகு அதே லாரியைத்தான் ஓட்டினார். சாகும்வரை என்னிடம் மீட்டர் பேச்சே எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி அவருடைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணே, இதைத் திருப்பிக் குடுக்கணுமா? இந்தச் செவப்பு எழுத்து எதுக்குன்னு கேட்டா, நான்தான் மீட்டரைச் சரியா பாக்கலம்மான்னுதான் சொல்வாரு."

"வெச்சுக்கோம்மா" என்றேன். அன்றைக்கும் அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

ஆகவே இங்கே எழுதுகிறேன். மீட்டர் தவறு. அதைத் தவறாக்கியவன் நான். தெரிந்த பிறகும் மறைத்தவன் நான். அந்தோணி மிதிக்கவில்லை. இதையே எழுதிப் போலீஸ் ஆபீசில் கொடுத்தேன். செத்தவர் லைசென்ஸில் எதையும் திருத்த வழியில்லை என்று குமாஸ்தா திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடியும் போவேன். ஆரோக்கியமேரியின் வீட்டுக்கும் போய், இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை. அதுதான் நியாயம்.

எழுந்து வரும் முன் ஒன்று கேட்டேன். அந்த மந்திரத்தை எனக்குச் சொல்லித் தரச் சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, இனிமேலும் வராது. அவர் சுவரைப் பார்த்தபடி வரி வரியாகச் சொன்னார். நான் மனப்பாடம் செய்தேன். அந்தோணியிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

போன வாரம் அதே லாரியில் ஓசூர் ரோட்டுக்குப் போனேன். முப்பதில் ஓட்டச் சொல்லிவிட்டு மீட்டர் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தேன். ஒரு மைல்கல்லில் தொடங்கி, அவரைப் போலவே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது முடிந்தபோது அடுத்த கல் வந்தது.