யோகம் அக்காவின் ஆறு நிமிட நடை

செய்தி வந்தபோது நான் டொரொண்டோவின் மோர்னிங்சைட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மட்டன் ரோல்ஸா மீன் ரோல்ஸா என்று பாராளுமன்றம் நடத்திக்கொண்டிருந்தார். கைபேசியில் இத்தாலி இலக்கம் ஒளிர்ந்தது. யோகம் அக்காவின் தங்கை ராணி.

"அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா," என்றார். "ஆஸ்பத்திரியால இப்பத்தான் எடுத்துச் சொன்னவை."

அந்த ஆஸ்பத்திரி நான் நின்ற இடத்திலிருந்து காரில் பத்து நிமிடம். முதல் நாள் மாலைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், மறுபடி தாண்டி வந்து எனக்குக் கிடைத்தது. இதில் எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. அந்தக் குடும்பத்தில் முக்கியமான செய்தி எதுவும் நேர்வழியில் வந்ததில்லை. ஒரு தடவை அப்படிச் சுற்றி வந்த செய்தி என் கை வழியாகத்தான் போனது. அக்காவைத் தெரிந்தவர்கள் அந்தக் கதையை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். அதில் நான் முட்டாளாக வருவேன். இன்று நான் சொல்கிறேன். இதிலும் முட்டாளாகத்தான் வருவேன், ஆனால் கொஞ்சம் கௌரவமாக.

யோகேஸ்வரி என்ற முழுப்பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். விமான நிலையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். அறை துப்புரவாக்கத் தொடங்கி, கடைசியில் அந்தப் பகுதிக்கே மேற்பார்வையாளர் ஆனார். அதே ஹோட்டலின் நிலக்கீழ்த் தளத்தில் குளியலறைத் துவாய் தோய்த்து மடிப்பது என் வேலை. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னை நானே சொல்லித் திரிவதை நீங்கள் அறிவீர்கள். அக்கா என் கட்டுரைகளை விடாமல் வாசிப்பார். ஒரேயொரு தடவைதான் அபிப்பிராயம் சொன்னார்: "தம்பி, நீ துவாய் நல்லா மடிக்கிறாய்."

கட்டில் விரிப்பின் மூலையை வைத்தே அவர் உலகத்தை எடைபோட்டார். விரிப்பை மெத்தைக்கு அடியில் சொருகும்போது மூலையில் கடிதஉறை போல ஒரு மடிப்பு விழ வேண்டும். விழாவிட்டால் முழுக் கட்டிலையும் உரித்துத் திரும்பப் போடச் சொல்வார். ஒருநாள் ஆட்கள் போதாமல் என்னையும் மேலே அனுப்பினார்கள். அக்கா நான் போட்ட கட்டிலை ஒரு தடவை சுற்றி நடந்தார். பிறகு, "இதில ஆர் படுத்து எழும்பினது?" என்று கேட்டார்.

இலங்கையில் போர் முடிந்த அந்த வருடத்துக்கு வருகிறேன். அக்காவின் அம்மா வன்னியில் அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. தங்கை ராணி இத்தாலியில், சியெனா என்ற பழைய குன்று நகரத்தில், ஒரு முதிய சீமாட்டியின் வீட்டோடு தங்கி அவரைப் பராமரித்துக்கொண்டிருந்தார். சின்யோரா என்றுதான் ராணி அவரைக் குறிப்பிடுவார். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து இருபத்து மூன்று வருடம். ராணிக்குக் கனடா விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது.

மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். டொரொண்டோவில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தில்தான் அக்கா லீவு போட்டுவிட்டு, தான் சியெனாவுக்குப் போவதாக அறிவித்தார். எல்லோரும் திகைத்தோம்.

"இப்பவோ அக்கா? இந்த நேரத்திலயோ உல்லாசப் பயணம்?" என்று நான் கேட்டேன். என் வாய் எப்போதும் என்னைவிட இரண்டு அடி முன்னால் நடக்கும்.

அவர் கோபப்படவில்லை. "அப்பா செத்த செய்தி எனக்கு இஞ்ச வந்தது, ராணிக்கு அங்க போனது. ரெண்டு பேரும் ரெண்டு சுவரைப் பாத்து அழுதனாங்கள். இந்தமுறை நல்லதோ கெட்டதோ, ஒரே அறைக்குள்ள இருந்து கேக்கவேணும். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. ஹோட்டல் தேடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ராணி இருந்த வீட்டில் விருந்தாளி தங்கக் கூடாது. அது சின்யோராவின் மகன் போட்ட சட்டம். அந்த வீட்டுக் கற்சுவர்கள் நாலடித் தடிப்பு, உள்ளே கைபேசி வேலை செய்யாது, வேறு தொலைபேசியும் இல்லை. ராணிக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டுந்தான். மற்ற நாட்களில் சின்யோரா மதியம் தூங்கும் நேரத்தில் அக்கா அங்கே போய்த் தங்கையோடு இருந்துவிட்டு வரலாம். ஆகவே ஹோட்டல் மலிவாக இருக்க வேண்டும், அறையில் தொலைபேசி இருக்க வேண்டும், ராணி இருந்த வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வருடக்கணக்காகக் குளியல் தொட்டி தேய்த்த அக்காவின் முழங்கால்கள் அப்போதே ஓய்வூதியம் கேட்டுக்கொண்டிருந்தன.

நூலகத்துக் கணினியில் நான் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெளியே ஆயிரம் வருடத்துக் கோபுரம், சிவந்த கூரைகள், திராட்சைத் தோட்டம். அக்கா மூக்குக்கண்ணாடியைத் திரையில் முட்டக் கொண்டுபோய்க் கட்டில் மூலையைப் பார்த்தார்.

"அடுத்தது."

"அக்கா, இதுக்கு மூண்டு நட்சத்திரம்."

"நட்சத்திரம் வானத்தில இருக்கட்டும். உந்தக் குளியலறை ஓட்டு மூலையைப் பார். கறுத்துக் கிடக்கு. அடுத்தது."

கடைசியாக ஒரு சின்ன ஹோட்டலில் கண் நின்றது. கோபுரமும் தெரியவில்லை, தோட்டமும் தெரியவில்லை. ஆனால் விரிப்பின் மூலை கடிதஉறை போல மடிந்திருந்தது. அங்கேயே தொலைபேசி எடுக்கச் சொன்னார். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த ஒரு ஆண் பேசினார். அறைக்கு வெளியிலிருந்து அழைப்பு வருமா என்று அக்கா கேட்டார். வரும் என்றார் அவர். பிறகு அக்கா, "ஒரு நாளைக்கு ஒராள் எத்தனை அறை செய்யிறது?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்நாளில் வந்திருக்காது. மொத்தமே எட்டு அறைதான், எல்லாம் என் மனைவி செய்வாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்கா தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எடு. எங்கட இடம் மாதிரிப் பதினாறு அறைக்கு ஒரு மனிசி எண்டால் அது ஹோட்டல் இல்லை, ஓட்டப்பந்தயம்."

மிச்சம் என் பங்கு. நகர வரைபடத்தை அச்சடித்து, ராணி இருந்த தெருவைக் கண்டுபிடித்து, அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு நேர்கோடு போட்டேன். நானூறு மீற்றர். "ஆறு நிமிச நடை அக்கா," என்றேன். வேலையிடத்திலும் எல்லோருக்கும் சொன்னேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் மேடு என்று சொல்லக்கூடியது கிணற்றுக்கட்டுத்தான். குடியேறிய ஸ்காபரோவில் நான் ஏறிய ஒரே மலை, வாகனத் தரிப்பிடத்தில் குவித்து வைக்கும் பனி. குன்று நகரம் என்று வாசித்தேன். அது நகரத்தின் பட்டப்பெயர் என்று விட்டுவிட்டேன். அக்காவும் எங்களூர்தான். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவரும் தலையாட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் அழைப்பு வந்தது.

"தம்பி, ஆறு நிமிசம் எண்டனி."

"ஓம் அக்கா."

"நடுவில இருக்கிற படிக்கட்டையும் அளந்தனியோ?"

ஹோட்டல் அடிவாரத்தில் இருந்தது. ராணி இருந்த வீடு உச்சியில். இடையில் இருநூற்றுச் சொச்சம் கற்படிகள். ஐந்து இடத்தில் குந்தியிருந்து, நாற்பது நிமிடத்தில் ஏறியிருக்கிறார். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு தங்கையைக் கண்டபோது கட்டிப்பிடிக்க மூச்சு இல்லாமல் தண்ணீர்தான் கேட்டாராம். அடுத்த நாள் முழங்கால் வீங்கிவிட்டது.

நான் அன்று துவாய் மடிக்கவில்லை. ஒரே அறையில் இருந்து கேட்க வேண்டும் என்று போனவரை, அடிமட்டம் வைத்து நான் தங்கையிடமிருந்து பிரித்துவிட்டேன். அவர் கீழே ஓர் அறையில், ராணி மேலே ஒரு வீட்டில்.

எனக்கு இன்னொரு கடமையும் இருந்தது. அவர்களின் அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் அக்காவின் மோர்னிங்சைட் வீட்டு இலக்கம். அதனால் பின்னேர வேலைக்கு மாறி, காலை முழுவதும் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணியிருக்கும், இத்தாலியில் பின்னேரம் மூன்று. அடித்தது.

"ஹலோ, ஆர் பேசுறது?"

"நீ ஆர்?" என்றது ஒரு முதிய குரல். "என்ர மகளின்ர வீட்டில ஆம்பிளைக் குரல் என்ன செய்யுது?"

அகதி முகாமிலிருந்து, ஐந்து மாத மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் கேள்வி அது. அக்காவோடு வேலை செய்கிறவன், அக்கா ராணியைப் பார்க்கப் போயிருக்கிறா என்று உளறினேன்.

"கெதியாச் சொல்லு. இரவல் போன். மூண்டு நிமிசந்தான் தந்தவை."

"வையாதேங்கோ அம்மா, மகளோட இணைக்கிறன்," என்று சொல்லி மூன்று பேர் பேசும் பொத்தானை அமர்த்தி ஹோட்டல் இலக்கத்தை அழுத்தினேன். முதலாளியின் மனைவி எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "யோகம், யோகம்," என்று மட்டும் கெஞ்சினேன். அறைக்கு மாற்றினார். இரண்டாவது மணியில் எடுத்த குரல் அக்காவுடையது இல்லை.

"ராணியோ? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையல்லோ. நீ எப்பிடி அங்க?"

"அது பெரிய கதை அண்ணை."

"கதை பிறகு. அம்மா லைன்ல."

பொத்தானை மறுபடி அமர்த்தினேன். "அம்மா!" என்றார் ராணி.

"ராணி? அப்ப யோகம் எங்க?"

"நானும் இஞ்சதான் அம்மா."

"ரெண்டு பேரும் ஒண்டாவோ இருக்கிறியள்?"

"ஓம் அம்மா."

"சண்டை பிடிக்கேல்லையோ?"

பிறகு கேட்டது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பக்கமும் அதே நிலைதான். அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். "நான் இருக்கிறன். காலில ஒரு காயம், ஆறிட்டுது. மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்." அந்த அறையில் மூன்றாவதாக ஒரு குரல் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டது. "ஆரது?" என்றார் அம்மா. "நான் வேலை செய்யிற வீட்டு அம்மா," என்றார் ராணி. "அவ சுகமோ எண்டு கேள்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்புப் போய்விட்டது.

பெரிய கதை பிறகுதான் வந்தது. அக்காவின் முழங்கால் வீங்கிய அன்று ராணி சமையலறையில் அழுதிருக்கிறார். சின்யோரா காரணம் கேட்டார். இரண்டு குளிர்காலமாக வாசற்படி தாண்டாத மனிசி, கைத்தடியை எடுத்துத் தரச் சொன்னார். அவள் மேலே வர முடியாவிட்டால் நாங்கள் கீழே போவோம் என்றார். சுற்றுவழியால் டாக்சி, சின்யோராவின் செலவில். அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் அந்தச் சின்ன அறையில், கடிதஉறை மூலை மடித்த கட்டிலில் சின்யோரா சாய்ந்திருக்க, இரு பக்கமும் சகோதரிகள். மகனாலும் வாய் திறக்க முடியவில்லை. ராணி வேலைநேரத்தில் வேலைதானே செய்கிறார்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் ஆறு நிமிடம் உண்மையாக இருந்திருந்தால் அந்தச் செவ்வாய் பின்னேரம் அக்கா உச்சியில், நாலடிச் சுவருக்குள் இருந்திருப்பார். ஹோட்டல் அறையில் மணி வெறுமனே அடித்து ஓய்ந்திருக்கும். மூன்று நிமிடமும் போயிருக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் பிக்கரிங், அஜக்ஸ் என்று பக்கத்து நகரங்கள் வரை போய்ச் சொன்னேன். அக்கா ஒருநாள் என்னை நிறுத்தினார். "தம்பி, உன்ர சீவியத்தில ஒரு பிழைதான் சரியா வந்திருக்கு. அந்தத் துணிவில அடுத்ததைச் செய்யாத." ஆனால் சியெனாவிலிருந்து எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். மரத்தால் செய்த ஓர் அடிமட்டம். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: 'மேட்டையும் அளக்கவும்.'

அம்மா இரண்டு வருடம் கழித்து டொரொண்டோ வந்து, எட்டு வருடம் அந்த வீட்டை அதிகாரம் செய்துவிட்டுக் கண்மூடினார். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ, நீதானோ அந்த ஆம்பிளைக் குரல்," என்றார். பெரிய ஏமாற்றம் அவருக்கு.

கடைசி நாள் மாலை ஆஸ்பத்திரியில் அக்கா பேச்சுக் குறைந்து படுத்திருந்தார். கை மட்டும் மெத்தை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "உந்த மூலையைப் பார்," என்றார். விரிப்பின் மூலை வெளியே தொங்கியது. நான் குனிந்து உள்ளே சொருகினேன். எட்டிப் பார்த்தார். "இன்னும் படிக்கேல்லை நீ," என்றார். என்னோடு அவர் பேசிய கடைசி வசனம் அது. மலர்ச்சாலையில் அவரின் உடலைப் பார்க்கப் போனபோது நான் முகத்தைப் பார்க்க முன் வெள்ளைத் துணியின் மூலையைத்தான் பார்த்தேன். சரியில்லை. சுற்றிலும் ஆட்கள் நிற்கத்தக்கதாக, உரித்துத் திரும்பப் போட்டேன். கடிதஉறை விழுந்தது. சத்தியமாக விழுந்தது. சாட்சிக்கு ராணி இருக்கிறார், காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணி இப்போதும் சியெனாவில்தான். "அக்காவின்ர மூக்குக்கண்ணாடியை எனக்குக் கொண்டுவந்து தாங்கோ அண்ணை," என்று கேட்டிருக்கிறார். ஐப்பசியில் போகிறேன். அதே ஹோட்டல், அதே அறை. இப்போது முதலாளியின் மருமகள் துப்புரவு செய்கிறாராம், ஒரு நாளைக்கு எட்டு அறை, கேட்டுவிட்டேன். எனக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டது. டாக்சியில் ஏறமாட்டேன். அந்தப் படிகளில் அக்கா குந்திய ஐந்து இடத்திலும் நானும் குந்திப் போவேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மர அடிமட்டம். நேற்று வரைபடத்தை மேசையில் விரித்து, அதை வைத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன்.

ஆறு நிமிடந்தான் வருகிறது, அக்கா.