வனக்காவலர் முத்தையாவின் இடது கை

"எந்த கேரக்டர் சார் நீங்க?"

போன ஞாயிறு, குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் ஒரு பெண் என்னைக் கேட்ட கேள்வி இது. நான் இருந்த கோலம்: வேட்டி, அரைக்கைச் சட்டை, மடக்குக் குடை. இப்படியும் ஒரு காமிக்ஸ் கேரக்டர் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் நானாத்தான் வந்திருக்கேம்மா" என்றேன்.

லிஸ்ட்டைப் புரட்டினாள். "ஐயோ... சீஃப் கெஸ்ட்டே நீங்கதானா!"

காமிக்ஸ் ரசிகர்கள் மாநாடாம். தென்காசியில் என் வீட்டுப் பக்கம் பஸ் ஏறினால், டிக்கெட்டை வாங்கிப் பையில் வைப்பதற்குள் குற்றாலம். ஆனால் இவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஈரோடு, பெங்களூரு... புளியறை வழியாகக் கொல்லத்திலிருந்து ஒரு வேன்கூட. சீசன் வேறா? காமிக்ஸ் ஹீரோ வேஷத்தில் முகமூடி மாட்டிய ஒருவர் தோளில் ஈரத்துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் போகிறார். அருவிக்குப் போகிறாரா, அருவியிலிருந்து வருகிறாரா? கேட்கத் துணிவில்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — இந்தப் பத்தியை எழுத வருவதற்கு முன்னால் நான் காமிக்ஸ் வரைந்தவன். 'வனக்காவலர் முத்தையா' என்றொரு தொடர். பத்திரிகை நின்றது, நானும் மறந்துவிட்டேன். நான் மட்டும்தான் மறந்திருக்கிறேன் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

ஒருவர் பக்க எண்ணைச் சொல்லி, "இங்கன ஜீப்போட ஸ்டெப்னி டயர் காணாமப் போகுதே, ஏன் சார்?" என்றார்.

"வரைய மறந்திருப்பேன்."

"இல்ல சார், அதுல ஏதோ இருக்கு!"

என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாமல் என் கதைக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது? தலை சுற்றியது.

மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் எஸ்தர், வடகரையில் ஸ்கூல் டீச்சர்.

"சார், எனக்கு இடது கைப் பழக்கம். சின்னப் பிள்ளையில அதுக்காக வீட்டுல அடி வாங்காத நாளே கிடையாது. முத்தையா துப்பாக்கி பிடிக்கதும் இடது கை, கையெழுத்துப் போடுததும் இடது கை. அந்தப் புக்கைக் காட்டித்தான் எங்கப்பாகிட்ட சண்டை போட்டு ஜெயிச்சேன். இப்பவும் போர்டுல இடது கையாலதான் எழுதுதேன். முத்தையாவ ஏன் அப்படி வச்சீங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்."



முத்தையா இடது கைக்காரனா? சத்தியமாக எனக்குத் தெரியாது!

யோசித்தபோதுதான் பிடிபட்டது. அந்த நாளில் மாடலுக்கு ஆள் வைக்க எனக்கு ஏது வசதி? கை வரைய வேண்டுமென்றால் என் கையையே பார்த்து வரைவேன். வலது கையில் பிரஷ். சும்மா இருந்தது இடது கைதான். அதை நீட்டி, கண்ணுக்கு முன்னால் வைத்து, அப்படியே வரைந்து தள்ளினேன். அவ்வளவுதான் விஷயம்.

இதை எப்படி மைக்கில் சொல்வது? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா யோசிச்சுதாம்மா வச்சேன். காரணம் இருக்கு" என்றேன்.

விசில் பறந்தது. எனக்குக் கூசியது.

மத்தியானப் பந்தியில் அவள் பக்கத்து இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஒரு அம்மா முறைத்தார். எஸ்தர் கண்டுகொள்ளவில்லை.

"அம்மா, மேடையில நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்து, பிரஷ், சும்மா இருந்த கை, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

பிசைந்த கை நின்றது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"சார்... எங்கப்பாவும் வந்திருக்காவ. அவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லிராதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். ஹார்டுவேர் கடைக்காரர். கைகழுவி வந்த ஈரத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இவ கையில சூடு வைக்கக் கரண்டியக் காய வச்சவன் நான். அந்நேரம் உங்க புக்க என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதா. 'கவர்மெண்ட் ஆபீசரே இடது கையில எழுதுதாரு, நான் எழுதினா என்னப்பா'ன்னு கேக்குதா. கரண்டியக் கீழ போட்டுட்டேன்."

சோம்பேறித்தனமாக நீட்டிய ஒரு கை எங்கே போய் எதைத் தடுத்திருக்கிறது! பெருமைப்படுவதா? வெட்கப்படுவதா? பெருமைப்பட எனக்கென்ன உரிமை? ஒன்றும் விளங்கவில்லை.

"மேடையில காரணம் இருக்குன்னு சொன்னீயளே, அது என்ன அண்ணாச்சி?" என்றார் அவர்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். கையில் பிசைந்த சாதம் அப்படியே இருந்தது.

"உங்க மவதான்" என்றேன்.

இந்தத் தடவை எனக்குக் கூசவில்லை. காரணம் கொஞ்சம் லேட்டாக வந்து சேர்ந்திருக்கிறது... அவ்வளவுதானே?