அத்தானின் சமையல் மேடை

எங்கள் அத்தானைப் பற்றி யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், "ரெண்டு கண்ணும் தெரியாதா? ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டில் பாவம் பார்க்க வேண்டிய ஆள் யாராவது உண்டென்றால் அது என் அக்காதான். ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் அவள் சமைத்ததை அத்தான் ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார். என் கடையில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தோளைத் தடவிப் பார்த்து, "இடது பக்கம் தையல் கொஞ்சம் ஓடியிருக்கே, கத்திரி" என்பார். கத்திரி என்பது நான். தையல்கடை வைத்திருப்பதால் வைத்த பெயர் என்று அவர் சாதிப்பார். வாய்க்காக வைத்த பெயர் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

முன்பு டாக்ஸி ஓட்டினார். நாற்பதை நெருங்கும்போது பார்வை ஓரங்களிலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. இனி திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் வீட்டுக்கு வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சமையலறைக்குள் போனாள். அழவில்லை. இஞ்சி இடிக்கும் இரும்பு உரலைத் தூக்கி மேடைமேல் ஓங்கிப் போட்டாள். அந்தக் காலத்து மெல்லிய கல் மேடை அது. சுவரிலிருந்து விளிம்பு வரைக்கும் கோணல்மாணலாக விரிசல் விட்டது. சத்தம் கேட்டு அத்தான், "என்ன விழுந்துது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லங்க, கை தவறிடுச்சு" என்றாள். அவர் நம்பவில்லை. ஆனாலும் அதற்குமேல் கேட்கவில்லை.

டாக்ஸி முதலாளி நல்ல மனிதர். அத்தானைப் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்தார். அங்கேதான் அவருக்கு 'மேப்' என்ற பட்டம் கிடைத்தது. வழி தெரியாமல் முழிக்கும் டிரைவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். "இப்ப எதிர்ல பெட்ரோல் பங்க் இருக்கா? அதைத் தாண்டி ரெண்டாவது இடது. முக்குல ஒரு சலூன் வரும். அங்க வேகத்தடை இருக்கு, மெதுவாப் போ" என்பார். இத்தனை வருஷம் ஓட்டிய தெருக்களெல்லாம் அவர் மண்டைக்குள் அப்படியே கிடந்தன.

சமையலுக்கு வந்தது தற்செயல்தான். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்டு முடிந்து களைத்து வந்து அடுப்படியில் நிற்பாள். ஒருநாள் அவள் வருவதற்குள் முட்டை வேகவைத்து, தோலுரித்து, தட்டில் வைத்திருந்தார். பாதித் தோல் முட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் சேர்த்துத் தின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு சோறு, பிறகு காய்கறி. ஒருமுறை மீனில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டுவிட்டு, இது புது வகை என்று எங்களிடமே வாதாடினார். கை சுட்டுக்கொண்டார், கொட்டினார், உடைத்தார். யாரும் உதவிக்கு உள்ளே வரக் கூடாது. வந்தால் கரண்டி பறக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்துவிட்டது. வெங்காயம் வதங்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்வார். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பது மூக்குக்குத் தெரியும். அடுப்புக் குமிழைத் திருகும்போது வரும் சின்ன டிக் சத்தத்தில் தீ எவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த விரிசல் இருந்தது. வலது கைச் சுண்டுவிரல் எப்போதும் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு வலப்பக்கம் அடுப்பு, இடப்பக்கம் காய் நறுக்கும் பலகை. விரிசல் கொக்கிபோல வளையும் இடத்துக்கு நேர் மேலே உப்பு, அதை ஒட்டி எண்ணெய். கத்தியைக் கீழே வைத்தால் விரிசலோடு சேர்த்துத்தான் வைப்பார், திரும்ப எடுக்கத் தேட வேண்டியதில்லை. ஓர் ஆட்டமே நடப்பதுபோல அந்தக் கைகள் வேலை செய்யும். நான் டீ கேட்கிற சாக்கில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதால் பாராட்டியதில்லை.

அக்காவுக்கு அந்த விரிசலைக் கண்டால் ஆகாது. மேடை துடைக்கும்போது துணி நூல் அதில் சிக்கும். அழுக்கு சேரும். ஆனால் விஷயம் அழுக்கு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வருகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தலைமை நர்ஸ் ஆனதும் அவள் எடுத்த முதல் முடிவு, சமையலறையை மாற்றுவது.

அத்தானுக்கும் சந்தோஷம்தான். "அந்த விரிசல் போனா சரி. அவ நிம்மதியா இருப்பா" என்றார். வேலை நடந்தபோது என் வீட்டில் வந்து தங்கினார், தூசி ஒத்துக்கொள்ளாது என்று.

சமையலறைச் சாமான் கடைக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மரியாதையாகக் கேட்டார், "வீட்ல யார் சமைப்பாங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் அக்கா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "அவருக்குச் சமையல் அத்துப்படி. எதைக் குடுத்தாலும் ஒரே நாள்ல கத்துக்குவார்."

"அப்படின்னா லேட்டஸ்ட் மாடலே போட்டுடலாம்" என்றார் அவர்.

முகம் பார்க்கலாம் போலக் கறுப்புக் கிரானைட், மூலைக்கு மூலை இணைப்பே தெரியாத ஒரே கல். தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி அடுப்பு. குமிழே கிடையாது. மைக்ரோவேவும் அதே ரகம், வழுவழு கண்ணாடி. அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தாள். நானும் அந்தக் கறுப்பைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். சமைக்கப்போகிறவருக்குக் கண் தெரியாது என்பது அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் அப்படி எங்களைப் பழக்கி வைத்திருந்தார்.

மேடை தயாரானதும் அத்தான் வந்து கையால் தடவிப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். "பனிக்கட்டி மாதிரி வழுக்குதே." அக்காவுக்கு முகமெல்லாம் பல். நான் சாப்பிடாமலே வயிறு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா என் கடைக்கு வந்து புலம்ப ஆரம்பித்தாள். "ஏண்டி, உங்க அத்தானுக்கு என்னடி ஆச்சு? புதுசா ஆனதிலேர்ந்து சமையல்கட்டுப் பக்கமே வர மாட்டேங்கறார். தினம் ஓட்டல் பார்சல். கேட்டா, சமைச்சு அலுத்துப்போச்சுங்கறார். எப்பப் பாரு ரேடியோவும் நாற்காலியும்தான். நான் ஆசை ஆசையா செஞ்சது அவருக்குப் பிடிக்கலையோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா ஆசையாகச் செய்ததை மதிக்காமல் இவருக்கு என்ன வீம்பு என்று, அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேராகச் சண்டைக்குப் போனேன்.

"வா கத்திரி" என்று கதவைத் திறந்தார்.

"டீ வேணும்."

"ஜூஸ் இருக்கு, குடிக்கறியா?"

"எனக்கு டீதான் வேணும். புது அடுப்புல போட்டுக் குடுங்க."

கதவைச் சாத்தினார். பிறகு உள்ளே போனார். நான் ஹாலில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிக்கலாம் என்று வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்பு கூவிற்று. நின்றது. மறுபடி கூவிற்று. எதைத் தொட்டாலும் ஒரே மாதிரிச் சத்தம். பாத்திரம் வழுக்கும் சத்தம். எதுவோ கீழே விழுந்து உருண்டது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

தரையெல்லாம் சர்க்கரை. அத்தான் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையை அகலமாக விரித்து, அந்தக் கறுப்புக் கல்மேல் இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் மட்டும் தனியாக நீண்டு, எதையோ தேடித் தேடி வெறும் வழவழப்பில் ஓடியது. புது ஊரில் இறக்கிவிடப்பட்டவர்போல் இருந்தார். இத்தனை வருஷத்தில் அத்தானைக் கண் தெரியாதவராக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மணிக்கட்டில் சூட்டுக் காயங்கள், ஒன்று காய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தன.

"அத்தான், கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. அடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தேன், அது ஏற்கெனவே சூடா இருந்துச்சு." பிறகு அவரே சிரித்தார். "அந்த விரிசலை வச்சுத்தான் நான் இத்தனை நாளும் பொழப்பு நடத்தியிருக்கேன்னு அது போனப்புறம்தாம்மா எனக்கே புரிஞ்சுது."

"இதை அக்காகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லிடாத, கத்திரி. அன்னைக்கு அது கை தவறி விழலன்னு எனக்குத் தெரியும். அந்த விரிசலைப் பாத்துப் பாத்து அவ பட்டது போதும். நான் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போறேன். உயிரா போயிடும்?"

"சரி" என்றேன். சர்க்கரையைக் கூட்டி அள்ளினேன். வெளியே வந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயைக் கட்டி வைக்க எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

வார்டு வாசலில் நிற்க வைத்தே எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கையிலிருந்த மருந்துத் தட்டை மெதுவாக ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்கறதே எனக்கு மறந்துபோச்சுடி" என்றாள். "கட்டின பொண்டாட்டிக்கே மறந்துபோச்சு. இந்த மனுஷன் எப்படிடி மறக்க வச்சார்?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கும்தான்.

அடுத்த வாரமே கண்ணாடி அடுப்பு கழற்றப்பட்டு, டிக் டிக் என்று திருகுகிற குமிழ் வைத்த அடுப்பு வந்தது. கண்ணாடி அடுப்பு என் தலையில் கட்டப்பட்டது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தும் அதை எனக்கு ஒழுங்காக இயக்கத் தெரியவில்லை என்பது வேறு கதை. பிறகு கல் பதித்தவரையே அக்கா திரும்ப வரவழைத்தாள். அவர் வெட்டும் மெஷினோடு வந்து, விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"புதுக் கல்லும்மா இது! ஒரு கீறல் விழாம எவ்வளவு பாடுபட்டுப் போட்டேன் தெரியுமா? இதுல போய்ப் பள்ளம் எடுக்கச் சொல்றீங்களே. அழுக்குச் சேரும்."

"அழுக்கை நான் பாத்துக்கறேன். நீங்க போடுங்க."

ஹாலிலிருந்து அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். என்னைப் பார்த்து, "உன்கிட்ட சொன்னேன் பாரு" என்றார். அக்காவிடம் திரும்பினார். "சொன்னா கேளு. உனக்குப் பிடிச்ச கல்லு. நான் ஒரு டேப் ஒட்டிக்கறேன்."

"டேப் ஈரத்துல உரிஞ்சு வந்துடும். நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

கல்காரர் பெருமூச்சு விட்டார். "எங்க போடணும்னு காட்டுங்க. நேரா ஒரு கோடு இழுத்துடறேன்."

"அடுப்புக்கு இந்தப் பக்கம்" என்றார் அத்தான், தணிந்த குரலில். "நேராவே போடுங்க, போதும்."

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். துணியில் குறி போடும் சாக்பீஸ் எப்போதும் என் பையில் இருக்கும். வாங்கிக்கொண்டு மேடைமேல் குனிந்தாள். யோசிக்கவே இல்லை. சுவரில் ஆரம்பித்து, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, நடுவில் கொக்கிபோல வளைந்து, விளிம்பு வருவதற்குள் இரண்டாகப் பிரிந்து, ஒரே இழுப்பில் வரைந்து முடித்தாள். "இப்படியே வெட்டுங்க. நேராக்கிடாதீங்க" என்றாள்.

மெஷின் ஓடியது. கறுப்புத் தண்ணீர் வழிந்தது. எல்லாம் முடிந்து, கல்காரர் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அத்தான் முன்னால் வந்து சுண்டுவிரலைச் சுவரோரம் வைத்தார். விரல் மெதுவாக இறங்கியது. கொக்கி வளையும் இடத்தில் நின்றுவிட்டது. அங்கேயே முன்னும் பின்னும் தடவினார்.

"இது அதுவேதானே?" என்றார். "உனக்கு எப்படி இவ்வளவு சரியா..."

"தினம் பாத்துப் பாத்துத் திட்டினதாச்சே" என்றாள் அக்கா. "மறக்குமா?"

அத்தானின் கை வளைவிலிருந்து மேலே போய், அக்கா முன்னமே கொண்டுவந்து வைத்திருந்த உப்பு டப்பாவைத் தொட்டது. கீழே இறங்கி வலப்பக்கம் போனது. குமிழ் அகப்பட்டது. டிக் என்றது.

"எல்லாரும் வழி விடுங்க" என்றார். "கத்திரி, அன்னைக்கு டீ கேட்டியே?"

அன்றைக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. நான் எதுவும் சொல்லாமல் குடித்தேன்.