ஒரே போனில் எழுதிய அப்பாக்கள்

எங்கள் பள்ளி நூலகத்துக்கு இணையத்தில் ஒரு சுவர் இருக்கிறது. கணினியில் திறக்கிற ஒரு பக்கத்தைத்தான் சுவர் என்கிறோம். படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பிள்ளை நாலு வரி எழுதினால், சீட்டு ஒட்டின மாதிரி அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் கீழே மற்றவர்கள் பதில் எழுதலாம். நூலக ஆசிரியையான எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோ பார்த்து, தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்திக் கற்றுக்கொண்டேன். "மிஸ்ஸு அழுத்தாத பட்டனே இல்லீங்க" என்பார் எங்கள் வாட்ச்மேன். பாராட்டு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினேன். போனைக் காட்டினால் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதினது திறக்கும். முதல் வாரம் ஒரு அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். டீக்கடையில் பார்த்த கட்டம் மாதிரியே இருக்கிறதே, காட்டினால் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். ஒன்றும் எடுக்காது, எழுதினதைக் காட்டும், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் போனில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். பாதி வீட்டில் தறி ஓடும். மீதி வீட்டில் அப்பா இருக்க மாட்டார். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போயிருப்பார். போனால் மாதக்கணக்குதான். பொங்கலுக்கோ ஊர் நோம்பித் திருவிழாவுக்கோ வந்தால் உண்டு.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அப்பா ரிக்கில் துளை போடுகிற டிரில்லர். அப்பா போன் பண்ணுவாரா என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பண்ணுவாருங்க மிஸ். அம்மா பேசி முடிச்சிட்டு எங்கிட்டக் குடுக்கும். சாப்டியா சாமின்னு கேப்பாரு. சாப்டேன்ம்பேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இருக்காதுங்க."

எனக்குப் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும். நல்ல வாக்கியம் வந்தால் வீட்டுக்குப் போகிறவரை அதையே சொல்லிக்கொண்டு போவேன். அன்றைக்கு 'ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இருக்காதுங்க' கூடவே வந்தது.

அந்தப் பெண்தான் அம்மாவின் போனிலிருந்து சுவரின் லிங்கை அப்பா பேசுகிற நம்பருக்கு அனுப்பினாள். ஒரு யானைக் கதையைப் பற்றி அவள் எழுதின சீட்டுக்குக் கீழே மறுநாளே பதில் இருந்தது. 'அந்த யானை ஏன் சாமி தண்ணிக்கு அத்தன தூரம் போச்சு, பக்கத்துல குட்டை இல்லியா' என்று. அவள் பதில் போட்டாள். அவர் திரும்பக் கேட்டார். போனில் ஒன்றும் இல்லாமல் போகிற இரண்டு பேருக்கு, சுவரில் நிறைய இருந்தது. நூலக வகுப்புக்கு மணி அடித்தால் முதலில் ஓடி வருகிறவள் அவள்தான்.

பிறகு மற்ற பெண்களின் சீட்டுகளுக்குக் கீழேயும் பதில்கள் வர ஆரம்பித்தன. நன்றாக எழுதியிருக்கிறாய், இன்னொன்று எழுது என்று. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பெயர். நான் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை கவனித்தார்.

என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. யாரோ ஒரு ஆண், ஒரே பெயரில், ஏழாவது எட்டாவது பெண்பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் எழுதுகிறார், இவர் யார் என்றார். நாளைக்கு ஒன்று ஆனால் நானும் நீங்களும்தான் நிற்க வேண்டும், சுவரை மூடிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றே மூடினேன்.

மத்தியானம் அந்தப் பெண் வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விவரம் சொன்னேன். "அது அப்பா வண்டி மேனேஜர் அண்ணன் பேருங்க மிஸ். அவர் போனுல மட்டுந்தான் டவர் கெடைக்குது. எல்லாரும் அதுலதான் எழுதறாங்க" என்றாள்.

இதை அப்படியே தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். பிள்ளை சொல்வதை மட்டும் வைத்துத் திறக்க முடியாது, அம்மா வரட்டும் என்றார். அம்மா தறியை நிறுத்திவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து மேனேஜர் நம்பரைக் கொடுத்தார். தலைமையாசிரியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்தப் பக்கம் வண்டி இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனை வாங்கி, வருகைப் பதிவுக்குச் சொல்வது மாதிரி, நான் ஏழாவது ஏ புள்ளையோட அப்பனுங்க, நான் எட்டாவது பி-யில படிக்கறவளுக்குச் சித்தப்பனுங்க என்று சொன்னார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தான். வந்திருந்த அம்மா ஒவ்வொரு குரலுக்கும் 'ஆமாங்க, ஆமாங்க' என்று தலையாட்டினார்.

கடைசியாக ஒரு இளம் குரல். "எனக்குப் புள்ளைங்க யாரும் இல்லீங்க. இன்னும் கண்ணாலமே ஆகலைங்க. எல்லாரும் படிக்கறாங்களேன்னு படிச்சேன். நல்லா இருந்துச்சு, எழுதிப்போட்டனுங்க."

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க படிங்க தம்பி. எழுத வேண்டாம்" என்றார்.

சுவர் திறந்தது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு. யார் எழுதினாலும் எந்தப் பிள்ளைக்கு என்ன உறவு என்று போட வேண்டும். எழுதினது நேராகச் சுவருக்குப் போகாது. முதலில் என்னிடம் வரும், நான் படித்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் சரியானது என்று நினைத்தேன். அந்தப் பெண் மட்டும் வாடிக்கொண்டே போனாள். ஒருநாள் அப்பாவின் பதிலைத் திறந்து, படியுங்கள் என்று திரையை என் பக்கம் திருப்பினாள். 'அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய ஆவல். தாங்கள் எழுதிய கருத்து சிறப்பாக உள்ளது.'

"தாங்களாம்" என்றாள். "எங்கப்பா இப்படிப் பேசவே மாட்டாருங்க மிஸ். நீங்க படிக்கறீங்கன்னு தெரிஞ்சதிலிருந்து இப்படித்தான். இதுக்கு போனே தேவலைங்க."

மறுபடி தலைமையாசிரியையிடம் போனேன். அனுமதிக்கிற முறையை எடுக்க முடியாது என்று ஒரே பேச்சாகச் சொன்னார். நான் கிளம்பும்போது, "அவங்க கூச்சப்படறது உங்களுக்குத்தான். நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்று சாயங்காலம் சுவரில் நானே ஒரு சீட்டு ஒட்டினேன். சமையல் புத்தகம் ஒன்றைப் பார்த்து மரவள்ளிக்கிழங்கு அடை சுட்டு, அது கல்லோடு ஒட்டி, பாதியைச் சுரண்டித் தின்ற கதை. இலக்கணம் பார்க்காமல், வாயில் வருகிற மாதிரியே எழுதினேன். 'புஸ்தகத்துல பொன்னிறமா வரும்னு போட்டிருக்குது. எனக்கு தார் ரோடு நெறத்துல வந்துச்சு' என்று முடித்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு சித்தப்பா, கல்லு காயறதுக்கு முன்னாடி மாவ ஊத்திப் போட்டீங்களாட்டம் இருக்குதுங்க என்று எழுதியிருந்தார். இன்னொருவர், எங்க கேம்ப்புல நாங்க சுடறதும் அதே நெறந்தானுங்க என்றார். பள்ளியே பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் அனுமதித்தேன். ஆசிரியர் அறையில் ஒரு வாரம் என்னைத் தார் ரோடு என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஒன்று வந்தது. புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

'சாமி, நேத்து ஒரு தோட்டத்துல போர் போட்டோம். விடியறப்பத் தொடங்கி பொழுது சாயற வரைக்கும் ஓட்டியும் வெறும் புழுதிதான் வந்துச்சு. தோட்டத்துக்காரர் வயசானவரு. எங்களையெல்லாம் உக்கார வெச்சு ரொட்டி போட்டாரு. எனக்கு எறங்கல. அம்மாகிட்ட இதச் சொன்னா வெசனப்படும். உனக்குச் சொல்லோணும்னு தோணுச்சு.'

இதைச் சுவரில் எல்லாரும் பார்க்க விடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அனுமதிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன்.

படித்தாள். மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, "இதுக்கு நான் எழுதறது அவருக்கு மட்டும் போகுமுங்களா மிஸ்?" என்றாள். நான் அனுமதித்தால் எல்லாரும் பார்ப்பார்கள், அனுமதிக்காவிட்டால் யாருக்குமே போகாது. அடிச்சு வையி, மேனேஜர் அண்ணன் நம்பருக்கு நானே அனுப்பறேன், உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்றேன் என்றேன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். வராந்தாவிலேயே கொஞ்சம் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தாள்.