ஜெறாட் அண்ணனும் அவர் நம்பாத மெஷின்களும்

ஜெறாட் அண்ணன் போய்விட்டார். காலையில் அவருடைய மகள் எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். நெஞ்சு நோகுது என்றாராம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பேசாலையிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றும் அவருடைய நீல லொறியைப் பலர் பார்த்திருப்பீர்கள். லொறியைப் பார்க்காதவர்கள் புகையையாவது பார்த்திருப்பீர்கள். பழைய எஞ்சினுக்கு எங்கிருந்தோ ஒரு பெரிய டர்போவைக் கொண்டுவந்து பூட்டி, டீசல் பம்பையும் கூட்டி வைத்திருந்தார். அந்த லொறியில் நான் பல வருடம் இரண்டாவது டிரைவர்.

"சில்லுக்கே நூற்றெண்பது ஹோர்ஸ்பவர் வருது தம்பி."

இதை அவர் சொல்லாத ஆள் மன்னாரில் இல்லை. கல்யாண வீட்டிலும் சொல்வார், பூசை முடிந்து வாசலில் நிற்கும் ஃபாதரிடமும் சொல்வார்.

கணக்கெடுத்த விதத்தைக் கேளுங்கள். முழு லோட்டோடு, கொழும்பு ரோட்டை விட்டு வடக்கே திரும்பி, திருக்கேதீஸ்வரம் சந்தியைத் தாண்டி இலுப்பைக்கடவைப் பக்கமாக மிதிப்பார். லொறியின் பாரம், வேகம் ஏற எடுத்த நேரம்... இரண்டையும் வைத்துப் பெருக்கிப் பிரிப்பார். கணக்கு சரிதான். ஆனால் ஓடுவது தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில்! லொறியின் அந்தப் பெரிய மீன் பெட்டியை, பாய் விரித்த வள்ளம் மாதிரி, காற்று பின்னால் நின்று தள்ளுகிறது.

கடற்கரையில் பிறந்த மனுசன். காற்றைப் பார்க்காமல் வள்ளத்தில் கால் வைக்கமாட்டார். ரோட்டில் மட்டும் அவருக்குக் காற்றே கிடையாது.

"திரும்பி வரேக்கையும் ஒருக்கா பாருங்கோ அண்ணன்."

"திரும்பி வரேக்க எனக்குப் பசிக்கும்."



கடைசியில் நச்சரித்து, கொழும்பில் ஒரு கராஜுக்குக் கூட்டிப்போய் டைனோவில் ஏற்றினேன். லொறியின் சக்கரங்களை ரோலரின் மேல் நிறுத்தி ஓடவிட்டு, சில்லுக்கு உண்மையில் எவ்வளவு வந்து சேருகிறது என்று அளக்கும் மெஷின் அது. நூற்றுப் பதினேழு காட்டியது.

டயருக்குக் காற்றடித்து, "இன்னொருக்கா போடுங்கோ" என்றார். நூற்றுப் பதினைந்து.

"பாத்தியே? மெஷினே ஒரு சொல்லில நிக்கேல்லை."

திரும்பும்போது மதவாச்சி வரைக்கும் லொறியை நான்தான் ஓட்டினேன். அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அடுத்த நாளே மீன்வாடியில் நின்று "நூற்றெண்பது" என்கிறார்... என் முன்னாலேயே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரித்தும் இருக்கிறோம்.

ஆனால் போன மாசிமாதம் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போனதும் நான்தான். "ஐயா, பிரஷர் நல்லாக் கூடியிருக்கு. இண்டைக்கே குளிசை தொடங்கோணும்" என்றாள் நர்ஸ். மனுசன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொல்கிறார்:

"உங்கட மெஷின் பிழை பிள்ளை. காலமைதான் நான் தனிய டயர் கழட்டினனான்."

அன்றிலிருந்து லொறியில் கத்தினேன், போனில் கத்தினேன், கோயில் வாசலிலும் கத்தினேன். "போடுறன் தம்பி, போடுறன்... சும்மா கத்தாதை."

இன்றைக்கு மகள் சொல்கிறாள், லொறியின் டாஷ்போர்டுக்குள் கிளினிக்கில் தந்த அந்தக் குளிசைப் பை கட்டு அவிழ்க்காமல் அப்படியே கிடக்கிறதாம்.

நாளை பின்னேரம் பேசாலையில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

டைனோ பிழையாகவே இருக்கட்டும். அந்த நர்ஸ் பிள்ளை சொன்னதை மட்டும் கேட்டிருக்கலாமே அண்ணன்... போங்கோ.